டயபர் மாற்ற டிகிரியா?

கேள்வி: மெல்பர்னில் ஒரு சைல்ட்கேர் சென்டரில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்து டிப்ளோமா முடித்தேன், ஊரில் பி.காம். கின்டர் டீச்சராகப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டுமாம். வயது 37. 'டயபர் மாத்த டிகிரியா?' என்று கேலி செய்கிறார் கணவர். படிக்கலாமா?

பதில்: தாராளமாகப் படியுங்கள். ஆனால் நான்கு வருடப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் பெட்டியில் கிடக்கும் அந்த பி.காம் சான்றிதழை வெளியே எடுங்கள். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு, முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடத்தில் முடிகிற கிராஜுவேட் டிப்ளோமா இருக்கிறது. இந்தியப் பட்டத்தை ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏற்காவிட்டால் நான்கு வருடப் படிப்புதான். அதிலும் உங்கள் டிப்ளோமாவுக்குச் சில பாடங்கள் கழியும். எதில் சேர்ந்தாலும் அது அசீக்வா (குழந்தைப் பராமரிப்புக் கல்விக்கான தேசிய ஆணையம்) அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வயதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. டயபருக்கு வருவோம். அதுவும் பாடத்தில் உண்டு: மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளோடு குறைந்தது 10 நாள் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். ஆனால் படிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி முன் ஒரு சிறுமி ஒல்லிப் பாட்டில் தண்ணீரை அகலக் கிண்ணத்தில் ஊற்றுகிறாள். குறைந்துவிட்டதே என்று மறுபடி பாட்டிலில் ஊற்றிப் பார்க்கிறாள். 'தண்ணீரில் நன்றாக விளையாடினாள்' என்று எழுதினால் பெற்றோருக்குப் போதும். பல்கலைக்கழகத்தில் போதாது. அவள் எதைச் சோதித்தாள், நாளைக்கு அந்தத் தொட்டியில் என்ன வைப்பீர்கள், ஏன் என்று கேட்பார்கள். குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே ஆராய்ந்த விஷயம் இது. கணவரையும் ஒரு நாள் அந்தத் தொட்டி முன்னால் நிறுத்திக் கேட்டுப் பாருங்களேன்!

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது பாடமல்ல, பிராக்டிகம் என்கிற நேரடிப் பயிற்சி. நான்கு வருடப் படிப்பில் குறைந்தது 80 நாள், கிராஜுவேட் டிப்ளோமாவில் 60 நாள், சம்பளமில்லாமல். 2025 ஜூலையிலிருந்து மத்திய அரசு இதற்கு வாராந்திர உதவித்தொகை தருகிறது. வருமான வரம்பு உண்டு. இன்னொன்று: உங்களிடம் பிஆர் (நிரந்தர வசிப்பு விசா) மட்டும் இருந்தால், அரசு மானிய இடம் கிடைத்தாலும் ஹெக்ஸ் என்கிற அரசின் கல்விக் கடன் கிடைக்காது, உங்கள் பங்குக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். குடியுரிமைக்குத் தகுதி வந்திருந்தால் அந்த விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். அப்புறம் சென்டர் டைரக்டரிடம் பிராக்டிகம் லீவு பற்றி இப்போதே பேசிவையுங்கள்.