கோயில் கணக்கு மென்பொருள் திறக்காதது குறித்து

வணக்கம் ஐயா. சுங்கை சிப்பூட்டில் உங்கள் தோட்டக் கோயிலின் கணக்கு மென்பொருளை முன்னாள் செயலாளர் சுருக்கிய ஜிப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பியதாகவும், புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் அதைத் திறந்தால் நீலப் பெட்டி ஒன்று தோன்றித் தடுப்பதாகவும், கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஃபார்மட் தேவையில்லை, செய்தாலும் அதே பெட்டி மீண்டும் வரும்.

தடுப்பது விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன். இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின் மீது விண்டோஸ் ஓர் அடையாளம் இடுகிறது. அவ்வடையாளத்துடன் வரும், அதிகம் பேர் பயன்படுத்தாத நிரலை அது நிறுத்திவிடுகிறது. அறிமுகமில்லாதது என்பதுதான் அதன் பொருள், வைரஸ் என்பதன்று. ஆயினும் அனுப்பியவர் செயலாளர்தாமா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, ஏற்கெனவே விரித்த கோப்புறையை நீக்கிவிட்டு, ஜிப் கோப்பின் மீது வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் உள்ள 'அன்பிளாக்' கட்டத்தைக் குறித்து, 'ஓகே' அழுத்திய பின்னரே மீண்டும் விரியுங்கள். இந்த வரிசை முக்கியம்: விரித்த பிறகு ஜிப்பில் அடையாளத்தை நீக்கிப் பயனில்லை, ஏனெனில் உள்ளிருந்து வெளிவந்த கோப்புகளிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகள் மட்டுமே இயங்கும் என்று செய்தி வந்தால், மடிக்கணினி 'எஸ் மோட்' நிலையில் இருக்கிறது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்' வழியாக இலவசமாக வெளியேறலாம். ஆனால் அந்நிலைக்குத் திரும்ப இயலாது. வைரஸ் தடுப்பையே அணைத்துவிடுமாறு யாரேனும் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.