வலி நின்ற பிறகுதான் கவனம் வேண்டும்

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த மாதம் கீழ்த்தாடையில் இரண்டு பல்லுக்கு இம்பிளான்ட் (பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைக்கப் போகிறார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடு என்கிறார் பக்கத்து வீட்டம்மா, கிராம்பு எண்ணெய் வை என்கிறார் நாத்தனார். அத்தைக்கு வெற்றிலை பாக்கு இல்லாமல் முடியாது, ஒரு வாரம் நிறுத்தினால் போதாதா என்று கேட்கிறார். என்ன சாப்பாடு கொடுப்பது? நான் வேலைக்குப் போகிறவள், எத்தனை நாள் லீவு போட வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டீர்களே, அதுவே பாதி நிம்மதி. கன்னம் வீங்கி, தெருவில் உள்ள வைத்தியமெல்லாம் பார்த்து முடித்துவிட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

ஒத்தடத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளும் ஐஸ்தான். கட்டியை மெல்லிய துண்டில் சுற்றி கன்னத்தின் வெளிப்பக்கம் 15 - 20 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் எடுத்துவிட்டு, மறுபடி வையுங்கள். அந்த நேரத்தில் சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கசிவும்தான் அதிகமாகும். இரண்டு மூன்று நாள் கழித்து தாடை இறுக்கமாக இருந்தால் மிதமான சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம், ஆக பக்கத்து வீட்டம்மா சொன்னது முழுத் தப்பில்லை, நாள்தான் முந்திவிட்டது. கிராம்பு எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். சொத்தைப் பல் வலிக்கு அது கேட்கும், ஆனால் தையல் போட்ட ஈறில் பட்டால் புண்ணை எரித்துவிடும். மஞ்சள் பொடி வைப்பது, நல்லெண்ணெய் கொப்பளிப்பது எல்லாமும் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும்.

முதல் நாள் வேலை ஒன்றுதான், புண்ணின் மேல் உறையும் ரத்தக்கட்டியைக் கலைக்காமல் காப்பாற்றுவது. டாக்டர் வைத்து அனுப்பும் பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது. 24 மணி நேரம் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. இளநீர் கொடுத்தால் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். எச்சில் இளஞ்சிவப்பாக வரும், அதைப் பார்த்துவிட்டு வாய் முழுக்க ரத்தம் என்று அத்தை பதறுவார். ஒரு சொட்டு ரத்தம் போதும், வாய் எச்சில் முழுவதும் நிறம் மாறிவிடும். பஞ்சைக் கடித்து அழுத்தியும் நிற்காமல் சிவப்பாக வந்துகொண்டே இருந்தால்தான் டாக்டருக்குப் போன். அன்று இரவு தலைக்கு ஒரு தலையணை கூடுதலாக வையுங்கள்.

வலி மாத்திரையை மரப்பு முழுசாக விடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், வலி ஏறிய பிறகு அதைப் பிடித்து இறக்குவது கஷ்டம். மெடிக்கல் ஷாப்பில் வாயால் கேட்டு வாங்கும் மாத்திரை வேண்டாம், குறிப்பாக சிறுநீரகத் தொந்தரவோ பி.பி.யோ இருந்தால். சில வலி மாத்திரைகள் அங்கேதான் கை வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலும், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ போடுகிறார் என்றாலும் முன்கூட்டியே பல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

கீழ்த்தாடை என்பதால் இன்னொன்று. மரத்துப்போன உதடு சில மணி நேரத்தில் தெளிந்துவிட வேண்டும். மறுநாள் காலையிலும் கீழ் உதடோ மோவாயோ மரத்தே இருந்தால், சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள். உள்ளே ஓடும் நரம்பை இம்பிளான்ட் அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும், அதில் தாமதிக்கக் கூடாது.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், அது கணக்குப்படிதான். கன்னத்தில் இருந்து கழுத்து வரை நீலமும் மஞ்சளுமாக இறங்கினாலும் பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறைந்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், சீழ் வந்தால் டாக்டர். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்க்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள்.

சாப்பாடு விஷயத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பது, மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி. சர்க்கரைக்காரருக்கு அது நல்லதில்லை, புண் ஆறத் தேவையான புரதமும் அதில் பெரிதாக இல்லை. முதல் நாள் ஆறின மோர், ஆறின பருப்புத் தண்ணீர். மறுநாளில் இருந்து நன்றாகக் குழைத்த பருப்பு சாதம், காரமில்லாத ரசத்தில் ஊறிய இட்லி, மசித்த கீரை, சாப்பிடுவார் என்றால் மெத்தென்று வேகவைத்த முட்டை. தயிர் சாதம் தாராளமாகக் கொடுக்கலாம், தாளிக்காமல். ஒரு கடுகு தையலுக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். எள், மிளகு, ரவை, வேர்க்கடலைக்கும் இதே கதைதான். அப்புறம், வலியில் சரியாகச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கிவிடலாம், வியர்த்துக் கொட்டி கை நடுங்கலாம். அந்த நாட்களில் எந்த மாத்திரை, எவ்வளவு என்று சர்க்கரை டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கூடவே எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்துவிடுங்கள். 7க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி, 8ஐத் தாண்டினால் ஆபரேஷனையே தள்ளிப்போடச் சொல்லும் டாக்டர்கள் உண்டு, சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்.

வெற்றிலை பாக்குக்கு வருகிறேன். ஒரு வாரம் போதாது, காரணத்தை அத்தைக்கே விளக்கிச் சொல்லுங்கள். வலி ஒரு வாரத்தில் போய்விடும், தையலும் 7 - 10 நாளில் பிரித்துவிடுவார்கள், அத்தை நன்றாகிவிட்டேன் என்பார். ஈறுதான் ஆறியிருக்கும், எலும்பு இல்லை. முதல் நாள் அந்த டைட்டானியத் திருகு நிற்பது மரைப் பிடிப்பில் மட்டும். அதன் பிறகு உடம்பு அந்தத் திருகைச் சுற்றியுள்ள பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுப் புது எலும்பு கட்டத் தொடங்கும். பழைய பிடிப்பு தளர்ந்து புதுப் பிடிப்பு வராத அந்த இடைவெளி ஏறக்குறைய மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும். வலி துளியும் இருக்காது, இம்பிளான்ட் மட்டும் அதன் மிகப் பலவீனமான கட்டத்தில் இருக்கும். சரியாக அப்போது பார்த்துத்தான் முறுக்கும் பாக்கும் டப்பாவில் இருந்து வெளியே வரும், புதிதாக நட்ட பந்தல்காலை ஆட்டிப் பார்க்கிற வேலை அது.

எலும்பு முழுசாகப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம். பிடித்துவிட்டால் அசையாது. 1950களில் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற டாக்டர், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியை ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தபோது எலும்பு அதை விடவில்லை. அதில் இருந்துதான் இந்த வைத்தியமே பிறந்தது, 1965இல் முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். பாக்கைக் கடிக்கும் அழுத்தம் ஒரு பக்கம் என்றால், புகையிலையும் சேர்த்துப் போடுகிறவர் என்றால் நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கி எலும்புக்குப் போகிற ரத்தத்தையே குறைத்துவிடும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இவ்வளவு பணம் செலவழிப்பதற்கு முன் அத்தை இதை நிறுத்தலாமா என்று யோசிக்கட்டும். வெடுக்கென்று நிறுத்த முடியாது, ஆபரேஷனுக்கு இருக்கும் நாட்களிலேயே குறைக்க ஆரம்பித்தால்தான் முடியும்.

கழற்றி மாட்டும் பல்செட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், டாக்டர் அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சரிசெய்து தரும்வரை போடக் கூடாது. விசேஷ வீட்டுக்குப் பல் இல்லாமல் எப்படிப் போவது என்று ஒரு நாள் மாட்டினாலும் அழுத்தம் நேராகத் திருகின் மேல்தான்.

சுத்தம் சுலபம். மறுநாளில் இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையை இப்படி அப்படிச் சாய்த்து, வாயைத் திறந்து வழியவிட வேண்டும். மற்ற பற்களை வழக்கம்போல் துலக்கலாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் பேஸ்ட்டுக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி வேண்டும். அதைச் சொன்ன நாட்களுக்கு மேல் தொடரக் கூடாது, பல்லில் பழுப்புக் கறை விழும், காபியின் ருசியும் மாறும். ஈறில் வெள்ளியாக ஒரு சிறு மூடி தெரிந்தால் அது டாக்டர் இம்பிளான்ட் மேல் வைத்ததுதான். நாக்கில் ஆடுவதுபோல் இருந்தால் விரலால் முறுக்க வேண்டாம், கழன்று வந்தால் ஒரு கவரில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். பெரும்பாலும் மூடிதான் தளர்ந்திருக்கும், இம்பிளான்ட் இல்லை.

லீவு, ஆபரேஷன் நாளும் மறுநாளும் போதும். தையல் பிரிக்கும் நாளுக்கு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள், மீதியை நாத்தனாரிடம் கேளுங்கள், கிராம்பு எண்ணெயோடு நிற்காமல் இரண்டு நாள் வந்து இட்லி ஊறவைத்துக் கொடுக்கட்டும். ஒன்று மறக்க வேண்டாம், இம்பிளான்ட் பெட்டியில் கம்பெனி பெயர், அளவு, தொகுதி எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருப்புளி வேறு, பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் ஒரு டாக்டர் அதைத் திறக்க வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.