ஜாகுவார் டி-டைப்: லே மானில் 1956லும் 1957லும் வென்றது ஒரே காரா?

ஜாகுவார் டி-டைப் என்ற பிரிட்டிஷ் பந்தயக் காரின் படத்தை வைத்து, பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் இரு ஆண்டும் வென்றது ஒரே காரா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கார் இல்லை. 1956ல் வென்றது எக்ஸ்கேடி 501 என்ற சேசிஸ் எண் (அடிச்சட்ட எண்) கொண்ட கார், பந்தய எண் 4. ஓட்டியவர்கள் ஃப்ளாக்ஹார்ட், சாண்டர்சன். 1957ல் வென்றது எக்ஸ்கேடி 606, பந்தய எண் 3, ஓட்டியவர்கள் ஃப்ளாக்ஹார்ட்டும் பியூபும்.

உங்களைக் குழப்பியது அந்த அடர்நீல நிறமாகத்தான் இருக்கும். இரண்டும் ஸ்காட்லாந்தின் எக்யூரி எகோஸ் அணியுடையவை, போதாததற்கு இரண்டையும் ஓட்டியவர்களில் ஃப்ளாக்ஹார்ட்டும் ஒருவர்.

உங்கள் படத்தில் பந்தய எண் தெரியவில்லை என்றீர்கள். சரி, முகப்பைப் பாருங்கள். 501க்குக் குட்டையான மூக்கு. 606க்கு நீண்டு இறங்கும் மூக்கு. எனக்கு 501தான் அழகு!

ஆனால் இந்த மூக்கு அடையாளம் அன்றைய பந்தயப் படங்களுக்கு மட்டும். பந்தய வண்டிகளில் உடற்கூடு மாறும். பிற்காலப் படமென்றால் சேசிஸ் எண்ணையும் கார் யார் யாரிடம் கைமாறியது என்ற ஆவணங்களையும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.