மேஸ்திரியா, இன்ஜினியரா, ஆர்க்கிடெக்டா?

கே: 900 சதுர அடி, தரைத்தளம் மட்டும். ஆர்க்கிடெக்ட் தேவையா? (திண்டுக்கல்)

ப: சதுரமான மனைக்கு நல்ல சிவில் இன்ஜினியர் போதும். கோணல் மனை, மூன்று பக்கமும் அடைப்பு என்றால் ஆர்க்கிடெக்டிடம் போங்கள். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1972 சட்டப்படி அந்தப் பதிவு இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

கே: மேலே ஒரு மாடி எடுக்கலாமா? மேஸ்திரி தாங்கும் என்கிறார். (தஞ்சாவூர்)

ப: பில்லர் வீடா, செங்கல் சுவர் மேல் நிற்கும் வீடா, அஸ்திவாரம் எத்தனை அடி? ஒன்றையும் எழுதாமல் 'எடுக்கலாமா' என்றால் எப்படிச் சொல்வது? கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்து, ஒரு மூலையில் அஸ்திவாரம் வரை தோண்டிக் காட்டுங்கள். அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

கே: மேஸ்திரியிடம் அப்ரூவல் பிளானைக் கொடுத்துத்தான் கட்டினோம். 4 அடி பால்கனி, சென்ட்ரிங் பிரித்ததும் சுவரோரம் மேல்பக்கம் விரிசல். பூசிவிடலாமா? (சேலம்)

ப: கூடவே கூடாது. இன்றே முட்டுக் கொடுங்கள், யாரையும் அதில் ஏறவிடாதீர்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது. அப்ரூவல் பிளானில் பக்க இடைவெளி, பரப்பளவு, அறை அளவு இருக்கும். ஒரு கம்பிகூட இருக்காது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை இப்போது சுயசான்றிலேயே அனுமதி கிடைக்கிறது. அது கட்டுவதற்கான அனுமதி மட்டுமே. கம்பி எங்கே, எத்தனை என்பதை ஸ்ட்ரக்சுரல் டிராயிங்தான் சொல்லும். சின்ன வீட்டுக்கு அதன் செலவு ஒரு டன் கம்பி விலைகூட ஆகாது.

அறைத் தளத்தின் நடுவில் மெயின் கம்பி அடியில் வரும். நீட்டிய பால்கனிக்கு மேலே வர வேண்டும். அந்தக் கம்பி, பால்கனி நீட்டிய அளவைப் போல் ஒன்றரை மடங்கு உள்தளத்துக்குள், உங்களுக்கு 6 அடி, போக வேண்டும். மேலே கட்டினாலும் கான்கிரீட் போடும் நாளில் சட்டி தூக்குகிறவர்கள் மிதித்து இறக்கிவிடுவார்கள். 5 அங்குலத் தளத்தில் கம்பி 2 அங்குலம் இறங்கினால் பலம் ஏறக்குறைய பாதி போச்சு. 3 அடிக்கு ஒரு சேர் கம்பி (மேல் கம்பியைத் தாங்கும் முக்காலி போன்ற வளைவுக் கம்பி) வையுங்கள், நடக்கப் பலகை போடுங்கள். கான்கிரீட்டுக்கு முன் இன்ஜினியர் கம்பியைப் பார்த்தே ஆக வேண்டும்.

கே: கரிசல் மண். யாரைக் கேட்பது? (கோவில்பட்டி)

ப: முதலில் மண் பரிசோதனைக்காரர், பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். பெரும்பாலும் 12 அடி அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் போல் அகன்ற கான்கிரீட் தூண், சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 4 அடியில் நிறுத்தினார் என்பது கணக்காகாது.

கே: லேபர் காண்ட்ராக்டா, ஃபுல் காண்ட்ராக்டா? (வேலூர்)

ப: தினமும் சைட்டில் நிற்க ஆள் இருந்தால் லேபர்: பொருள் நீங்கள் வாங்க, கூலி மட்டும் அவருக்கு. இல்லையென்றால் பொருளும் சேர்த்து ஃபுல், ஆனால் சிமெண்ட், கம்பி பிராண்டு, டைல்ஸ் சதுர அடி விலை, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் சேர்த்தியா என்பதை எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த அளவுக்கு மட்டும் பணம்.