கிராவல் குவாரி நிலத்தில் புல் வராமல் பார்த்தீனியம் மட்டும் மண்டுகிறதே?

குழியை மூடி, குவித்து வைத்திருந்த மேல்மண்ணைப் பரப்பி, யூரியாவும் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்த யூரியாதான். மேல்மண் குவியலில் களை விதை நிறைய இருக்கும். யூரியாவின் தழைச்சத்து கிடைத்ததும் பார்த்தீனியம் முந்திக்கொள்ளும், புல் பின்தங்கிவிடும். முதல் ஆண்டு யூரியா வேண்டாம்.

இப்போதைக்குப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் ஈர மண்ணில் வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம், தோல் அரிப்பு வரும். பூத்த பிறகு வெட்டினால் விதையை நீங்களே பரப்பியதாகிவிடும். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

லாரி ஓடி இறுகிய இடத்தை, மண் காய்ந்திருக்கும்போதே, சரிவுக்குக் குறுக்காக 40 செ.மீ. ஆழம் கிழித்துவிடுங்கள். ஈரத்தில் உழுதால் அடிமண் இன்னும் இறுகும்.

விதைப்பு வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது. ஏக்கருக்குக் கொழுக்கட்டைப் புல் 2 கிலோ, முயல் மசால் (பயறு வகைத் தீவனச் செடி) 1.5 கிலோ. மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் தடித்த தோலால் பாதி முளைக்காது. கொழுக்கட்டை விதை புதிதாக இருந்தால் உறக்கத்தில் இருக்கும், ஆறு மாதமாவது பழையதாக வாங்குங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் ஆழம் போகக் கூடாது. மணலோடு கலந்து தூவி, முள்கிளையை இழுத்துவிட்டால் போதும்.

முதல் ஆண்டு ஆடு மாடு உள்ளே வேண்டாம், புல்லை அறுத்துப் போடுங்கள். பிறகும், சீமைக்கருவேலக்காய் தின்ற ஆட்டை நேராக விடாதீர்கள். புழுக்கையில் விதை முளைக்கும்.