மூன்று கடைக்கும் ஒரே பாட்டு ஓடவில்லை என்றவருக்கு

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் மூன்று சூப்பர் மார்க்கெட்டிலும் ஒரே ஸ்பாட்டிஃபை கணக்கில் பாட்டு போட்டால் ஒன்றில் ஓடும்போது மற்றது நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது கோளாறு இல்லை அண்ணே. தனிநபர் கணக்கு அப்படித்தான், அதோடு அதைக் கடையில் போடவே அவர்கள் விதிமுறை அனுமதிக்காது.

பெரிய கடைக்காரர்கள் கிளைக்கு ஒரு சின்ன பிளேயர் பெட்டி வைத்துவிடுவார்கள், பாட்டும் ஆஃபர் அறிவிப்பும் தலைமைக் கடையிலிருந்து முன்கூட்டியே அதில் இறங்கிக் கிடக்கும், அதனால் நெட் போனாலும் பாட்டு நிற்காது. கிளைக்குத் தனி பிளேலிஸ்ட் வைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள், கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்கு மலையாளம் கூடுதலாக வேண்டுமே.

கடையில் பாட்டு போடுவதற்கான உரிமத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி. வரிகளுக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பிடமும், ஒலிப்பதிவுக்கு பிபிஎல் என்ற அமைப்பிடமும் உரிமம் வாங்க வேண்டும், ஆனால் எல்லா ஆடியோ கம்பெனியும் பிபிஎல்லில் இல்லை, பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம், வேகமான குத்துப்பாட்டு வேண்டாம். 1982இல் மில்லிமன் என்பவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோதித்தபோது மெதுவான இசைக்குத்தான் ஆட்கள் நிதானமாக நடந்தார்கள், விற்பனையும் கூடியது.