ஆங்கிலத்தில் 'இருந்தும்', 'மீறியும்' என்ற பொருள் தரும் 'இன் ஸ்பைட் ஆஃப்' (in spite of) என்னும் தொடருக்குப் பின் முழு வாக்கியம் வரலாமா?

வரக்கூடாது. 'ஆஃப்' பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் முன்னிடைச்சொல் (preposition) ஆதலால், அதன் பின் பெயர்ச்சொல்லோ, பிரதிப்பெயரோ, 'இங்' என முடியும் தொழிற்பெயரோ நிற்கலாமே தவிர, எழுவாயும் பயனிலையும் கொண்ட வாக்கியம் நேரடியாக நிற்காது. மழை பெய்தும் அவர்கள் விளையாடினார்கள் என்பதை 'இன் ஸ்பைட் ஆஃப் த ரெயின், தே ப்ளேய்ட்' என்று எழுதலாம். 'இன் ஸ்பைட் ஆஃப் இட் வாஸ் ரெயினிங்' என்று தொடங்குவது பிழை. வாக்கியமாகவே சொல்ல விரும்பினால் 'ஆல்தோ இட் வாஸ் ரெயினிங்' என்று எழுதுங்கள். 'ஆஃப்' என்பதை அடுத்து 'த ஃபேக்ட் தட்' சேர்த்து வாக்கியத்தை அமைப்பதும் இலக்கணப்படி சரியே என்றாலும், அது நடையைத் தேவையின்றி நீட்டுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. 'டெஸ்பைட்' இதே பொருளில், இதே முறையில் வரும். ஆனால் அதனுடன் 'ஆஃப்' சேரவே சேராது. தமிழில் 'இருந்தாலும்' என்று சேர்த்துச் சொல்லும் பழக்கத்தால், அடுத்து வரும் முதன்மை வாக்கியத்தை 'பட்' என்று தொடங்கிவிடாதீர்கள்.